ஐந்தாவது பத்து

முப்பத்தொன்று. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடுக்கு. அதில் நடுவிரலைக் கொடுத்து உடம்பை ஒரு இழு, அடுத்த கல் வந்துவிடும். முப்பத்திரண்டு. ததேயுஸ் கண்ணை மூடியே வைத்திருந்தார். துறைமுகத்துத் தண்ணீரில் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறவன் மடையன். டீசலும் சேறும் மீன் கழுவின தண்ணீரும் கலந்து கிடக்கிற கலங்கலில் மூக்குக்கு முன்னால் நீட்டின கை தெரியாது. தெரியாத இடத்தில் கண் சும்மா இருக்காது, இல்லாததை எல்லாம் செய்து காட்டும். மூடிக்கொண்டால் விரல் வேலை பார்க்கும். முப்பத்தைந்து வருஷமாக விரல்தான் பார்க்கிறது. சிப்பி, பாசி, சிமெண்டு, மறுபடி சிப்பி. கையை இரண்டு பக்கமும் விரித்தால் ஒரு கல், மொத்தம் ஐம்பது கல், நாலு ஆள் ஆழத்தில் அடிவரிசை. இதன் தலையில்தான் விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கிறது, ஏலக்கூடம் நிற்கிறது, ஐஸ் கம்பெனி நிற்கிறது, பெண்சாதி ரெஜினா சருவச்சட்டியை வைத்துக்கொண்டு சாளை மீன் விற்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை, மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஓடாமல் தண்ணீர் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும்போது, சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கி அடிவரிசையைத் தடவிப் பார்த்து ரிப்போர்ட் சொல்ல வேண்டும். எண்ணிக்கை தப்பக் கூடாது. தண்ணீருக்குள் எண் வழுக்கும், முப்பத்தாறா முப்பத்தேழா என்று நிற்க வைக்கும். அதனால் ஒரு கல்லுக்கு ஒரு அருள்நிறைந்த மந்திரம். பத்து முடிந்தால் ஒரு பரலோக மந்திரம், இடுப்புக் கயிற்றில் ஒரு இழுப்பு. ஐம்பது கல், ஐந்து பத்து, ஒரு ஜெபமாலை. "இந்தச் சுவரக் கட்டுன காண்டிராக்டர் வேதக்காரனாத்தான் இருக்கணும்" என்பான் பெர்க்மான்ஸ். அவன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நடந்து வருகிறவன், ரெஜினாவின் தம்பி. முப்பத்தைந்தாம் கல். வாயில் ரப்பர் இருப்பதால் மந்திரம் தொண்டையோடு நிற்கும். அதுவும் முழுசாக இல்லை, முதல் இரண்டு வார்த்தை, அடுத்த கல். மாதாவுக்குப் புரியாமலா இருக்கும்.

முப்பத்தாறு. இன்றைக்கு என்ன கிழமை, சனி. சனிக்கிழமை சந்தோஷ தேவ இரகசியம், பத்துக்கு ஒன்றாக ஐந்து. நாலாவது பத்து, மாதா பிள்ளையைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுக்கிறது. ஐந்தாவது, காணாமல்போன பிள்ளையைக் கண்டுபிடிக்கிறது. ஐந்தாவது வேண்டாம். அது நாற்பத்தொன்றில் ஆரம்பிக்கும். முப்பத்தேழு, சிப்பி கையைக் கீறிற்று, பரவாயில்லை. காலையில் அந்த எஞ்ஜினியர் பெண் கேட்டாள், இசக்கிப்பிரியா, புதுசு, ஆறு மாசம்கூட ஆகவில்லை, கையில் பழைய ரிப்போர்ட் கட்டு. "அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ஒம்பது வருஷமா அம்பது கல்லும் நல்ல நிலைன்னே இருக்கு. ஒரு பல்லு வரிசையிலகூட ஒண்ணு ரெண்டு ஆடுமே." சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஒன்றும் மனசில் வைத்துக் கேட்கவில்லை. இவர் பெல்ட்டில் ஈயக்கட்டியைச் சரிபார்த்துக்கொண்டே, "சுவரு கெட்டியா இருந்தா நான் என்ன செய்ய, உடைச்சா விட முடியும்" என்றார். பெர்க்மான்ஸ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கடலைப் பார்த்தான். அவள் அடுத்ததைச் சொன்னாள். "இல்ல அண்ணாச்சி, திங்கக்கிழமை தூர்வாருற மெஷின் வருது. சுவர் ஓரமா ஒரு ஆள் ஆழம் இன்னும் தோண்டப் போறோம், பெரிய படகு வரணும்ல. உங்க ரிப்போர்ட்டப் பாத்துத்தான் பெரியவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதான் இந்த வருஷம் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." பாத்துச் சொல்லுங்க. முப்பத்தெட்டு. திங்கட்கிழமை. சுவர் ஓரமா. அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்கிறாள். அடியில் மண் போன கல்லுக்குப் பக்கத்தில் போய்த் தோண்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குப் படித்துத் தெரியும். எந்தக் கல்லுக்கு அடியில் மண் போயிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். முப்பத்தொன்பது. ஒன்பது வருஷமாகத் தெரியும்.

நாற்பது. பரலோக மந்திரம். கயிற்றில் ஒரு இழுப்பு, நல்லா இருக்கேன். மேலேயிருந்து ஒரு இழுப்பு பதில் வந்தது. இனி மூன்று இழுப்பு, ஏறுகிறேன் என்று அர்த்தம், அதுதான் வழக்கம். நாற்பதில் மூன்று இழுத்துவிட்டு மேலே போய், மாஸ்க்கைக் கழற்றி, துப்பிவிட்டு, "அம்பதும் நல்ல நிலை" என்று சொல்ல வேண்டும். ஒன்பது வருஷம் அப்படித்தான். விரல் இடுக்கிலேயே நின்றது. மூச்சு, குமிழி, மூச்சு, குமிழி. சிலிண்டர் காற்றுக்கு ருசி கிடையாது. பயந்தால்தான் ரப்பர் ருசி வரும். இப்போது வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கும் இதே ருசிதான். நாற்பத்துமூன்றாம் கல்லின் அடியில் மண் இல்லை, கை உள்ளே போயிற்று, எவ்வளவு தூரம்தான் போகிறது பார்ப்போமே என்று தோள்வரைக்கும் விட்டார், அது வேலை, ஆழம் சொல்ல வேண்டும் அல்லவா, உள்ளே ஏதோ பழைய நைலான் வலை சுருண்டு கிடந்திருக்கிறது, மணிக்கட்டில் உறையோடு மாட்டிக்கொண்டது. இழுத்தார். இறுகிற்று. இன்னும் இழுத்தார், இன்னும் இறுகிற்று. இடதுகையால் கயிற்றை நாலு இழு இழுத்தார், தூக்கு, நாலு என்றால் தூக்கு, ஆனால் கயிறு கல் முனையில் சிக்கிக்கொண்டு மேலே ஒன்றும் போகவில்லை. மேலே வெயில் அடிக்கிறது, பெர்க்மான்ஸ் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறான், ரெஜினா இதே கல்லின் தலைக்கு மேலே உட்கார்ந்து சாளையை எண்ணிப் போடுகிறாள், நாலு ஆள் ஆழத்துக்குக் கீழே புருஷன் சுவரில் கை மாட்டிக் கிடக்கிறான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மந்திரம் எண்ணினார், முப்பதுக்கு மேல் எண்ணினது ஞாபகம் இருக்கிறது, பிறகு எண்ணவில்லை, அம்மா அம்மா என்று மட்டும். உறை கிழிந்து கை வந்தபோது தோலும் கொஞ்சம் வந்தது. மேலே வந்தால் பெர்க்மான்ஸ், "என்ன அத்தான், கீழ பாய் போட்டுப் படுத்துட்டீரா" என்றான். அப்போதே சொல்லியிருக்கலாம். நாற்பத்துமூன்றில் பள்ளம் இருக்கிறது என்று ஒரு வரி. சொன்னால் உடனே என்ன கேட்பார்கள், எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், இன்னொரு தடவை இறங்கிப் பார்த்துச் சொல்லும். இன்னொரு தடவை. அந்த வார்த்தைக்காக, அந்த ஒரு வார்த்தைக்காக அம்பதும் நல்ல நிலை என்று வாய் சொல்லிற்று. கை ரத்தத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு சொல்லிற்று. பிறகு அடுத்த வருஷம் வந்தது, அதற்கடுத்த வருஷம் வந்தது, டைவர் ததேயுஸ் என்றால் நாலு ஊரில் பேர், அந்தப் பேரை நாற்பதாம் கல்லில் நிறுத்தி வைத்திருக்கிறது யாருக்குத் தெரியும். வீட்டில் ரெஜினாவிடம் மட்டும் சொல்லிப் பார்த்தார், வேறு மாதிரி. "அந்தப் பக்கம் நெழலா இருக்கு, அங்க போய் ஒக்காரு." அவள் விடவில்லை. "அந்தப் பக்கம் ஐஸ் தண்ணி ஒழுகுது. எனக்கு எடம் சொல்லித்தர வாராரு. நீரு ஒம்ம வேலையப் பாரும்." பார்க்கிறேன். பார்க்கிறேன். கயிற்றைப் பிடித்தார். மூன்று இழு. ஒன்று. இரண்டு. கை நின்றது. மூன்றாவதை இழுக்கவில்லை. இரண்டு என்றால் கயிறு விடு, இன்னும் போகிறேன். மேலே ஒன்றும் அசையவில்லை. என்னலே, தூங்கிட்டியா. மறுபடி இரண்டு. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, நம்பாத ஆள் விடுகிற மாதிரி, கயிறு தளர்ந்து வந்தது.

நாற்பத்தொன்று. அருள்நிறைந்த. சிப்பி அடர்த்தியாக இருக்கிறது இங்கே, யார் தொந்தரவும் இல்லாமல் வளர்ந்த சிப்பி. நாற்பத்திரண்டு. மூச்சு வேகமாகப் போகிறது, இப்படிப் போனால் சிலிண்டர் தாங்காது, மெதுவா, மடையா, மெதுவா. மூன்று நாள் பிள்ளையைக் காணோம் என்று மாதா தேடினாள். ஒன்பது வருஷம் தேடாமல் இருந்தவனை என்ன செய்கிறது. இடுக்கு வந்தது. நாற்பத்துமூன்று. கையைக் கீழே இறக்கினார், வெறுமையைத் தொடுவதற்கு, தொட்டவுடன் எடுத்துக்கொள்வதற்கு, உடம்பு முழுக்க அதற்குத் தயாராக நின்றது. வெறுமை இல்லை. கல் இருந்தது. இருக்கக் கூடாத இடத்தில் கல். உருண்டையாக, தலையணை மாதிரி, வயிறு புடைத்த கல். பக்கத்தில் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று, சாய்ந்து. தப்பாக எண்ணிவிட்டோமா. நாற்பதிலிருந்து மூன்றுதானே, மூன்று எண்ணத் தெரியாதா. தடவினார். பாசிக்கு அடியில் கல்லின் தோல் வரிவரியாக இருந்தது, குறுக்கும் நெடுக்குமாக, நெசவு. சாக்கு நெசவு. சாக்கில் மணலும் சிமெண்டும் போட்டுக் கட்டி இறக்கினால் தண்ணீர் குடித்து அப்படியே கல்லாகிப் போகும், சாக்கு மக்கி நெசவு மட்டும் தங்கிவிடும். இது மூட்டை. யாரோ மூட்டை போட்டிருக்கிறார்கள். அரசாங்கம் போட்டால் இவரைத்தானே இறக்குவார்கள். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு, கீழே மண்ணுக்குள் புதைந்து இன்னும் இருந்தது. சில மூட்டையில் பாசி தடிப்பாக, சிலதில் மெல்லிசாக. ஒரே நாளில் போட்டது இல்லை. வருஷம் வருஷமாகப் போட்டது. ஒரு மூட்டையின் கழுத்தில் நைலான் கட்டு இன்னும் இருந்தது. விரல் முடிச்சைத் தடவிற்று. நின்றது. திரும்பத் தடவிற்று. ஊர் முழுக்க முடிச்சு ஒரு பக்கமாகப் படுக்கும். இது மறுபக்கம் படுத்திருந்தது. நொட்டாங்கைக்காரன் போட்ட முடிச்சு. இந்தத் துறையில் இடதுகையால் முடிச்சுப் போடுகிறவன் ஒருத்தன்தான், முப்பத்தைந்து வருஷமாக இவர் இடுப்பில் போடுகிறவன், இன்றைக்குக் காலையிலும் போட்டவன்.

ததேயுஸ் அப்படியே தொங்கிக்கொண்டு நின்றார். குமிழி மேலே போய்க்கொண்டிருந்தது. காதோரமாக ஒவ்வொன்றும் உருண்டு போகிற சத்தம். மேலே போய் என்ன ஆகும், உடையும். எங்கே உடையும், இவர் தலைக்கு நேர் மேலே, பெர்க்மான்ஸ் கால் மாட்டில். முப்பத்தைந்து வருஷமாக மூச்சுவிடுகிற ஆளுக்கு அது ஒருதடவைகூடத் தோன்றவில்லை. நாற்பதில் நின்று போன குமிழி ஒன்பது வருஷமும் அவன் கண் முன்னால் நின்று போயிருக்கிறது. அன்றைக்கு நாற்பத்துமூன்றில் ஒரே இடத்தில் கொதித்த குமிழி, துண்டில் ஊறின ரத்தம், அதெல்லாம் அவனுக்குக் கணக்குப் போடத் தெரியாதா. கோபம் வந்தது. நல்ல கோபம், உடம்புக்குச் சூடு. எல்லாம் தெரிந்துகொண்டு ஒரு வார்த்தை கேட்காமல், ஈனப்பய, மூட்டை கட்டிப் போட்டிருக்கிறான். மேலேயிருந்து போட்டால் பள்ளத்தின் வாயைத்தான் மூடும். உள்ளே மூடுமா. உள்ளே என்ன இருக்கிறது என்று மேலேயிருக்கிறவனுக்குத் தெரியாது. இரண்டு மூட்டைக்கு நடுவில் ஒரு சந்து இருந்தது, ஒரு கை போகும். அதைக் கண்டுபிடித்த விரலை உடனே பின்னால் இழுத்தார். வேண்டாம். மூட்டை இருக்கிறதே, போதும். போதாது. உள்ளே வெறும் பள்ளமாக இருந்து மூட்டை வெறும் கதவாக இருந்தால். ரப்பர் ருசி. விரலை விட்டார். மணிக்கட்டு. இன்னும் கொஞ்சம். வழவழவென்று என்னமோ வந்து விரலைச் சுற்றிற்று. வலை. வலை இல்லை, வலைக்கு இவ்வளவு மெதுவாகச் சுற்றத் தெரியாது. இழு, இழு என்று தோள் கத்திற்று. இழுக்கவில்லை. எப்படி இழுக்காமல் இருந்தார் என்று பிறகு கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. அன்றைக்கு இழுத்த இழுப்பு எல்லாம் சேர்ந்து இன்றைக்குக் கையைச் சும்மா வைத்தது போல. சின்னச் சின்ன வாய்கள், பால் குடிக்கிற பிள்ளை வாய் மாதிரி, விரல் விரலாக ஒட்டி ஒட்டிப் பார்த்தன. பேய்க்கணவாய், எட்டுக்கைப் பிராணி. சின்னது, கையளவுகூட இருக்காது. அதுவும் கண்ணை நம்பாத சாதிதான், தடவித்தான் பார்க்கும். பார்த்துக்கோ. நான் டைவர் ததேயுஸ். பார்த்து முடித்து, ஒவ்வொரு வாயாகக் கழன்று, ஒதுங்கிக்கொண்டது. இன்னும் ஒரு சாண் உள்ளே போனார், முழங்கை வரை. மண். கெட்டி மண், விரலைக் குத்தினால் இறங்காத மண். அலை உள்ளே கொண்டுபோன மண்ணை மூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. தோள்வரை போன பள்ளம் முழங்கைக்கு மேல் இல்லை. கையை வெளியே எடுத்தார். அவசரமில்லாமல் எடுத்தார்.

நாற்பத்துநான்கு, நல்ல கல். நாற்பத்தைந்து, நல்ல கல். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, பல் தேய்க்கிற மாதிரி சாதாரணமாக வந்தது. அம்பதும் நல்ல நிலை. இப்போது சொன்னால் அது பொய்கூட இல்லை, முக்கால்வாசி. பள்ளம் அடைந்துவிட்டது, சுவர் நிற்கிறது, பேரும் நிற்கும், யாருக்கு என்ன நஷ்டம். பெர்க்மான்ஸ் வாயைத் திறக்க மாட்டான், ஒன்பது வருஷம் திறக்காதவன். நல்ல நிலை. அப்படியே மேலே போய்ச் சொல்லிவிட்டால். திங்கட்கிழமை. மெஷினுக்கு மூட்டை என்று தெரியுமா, கல் என்று தெரியுமா, சுவர் ஓரமாக வாயை விட்டு அள்ளும். முதல் அள்ளில் மூட்டை போகும். மூட்டை போனால் மண் போகும். மண் போனால் நாற்பத்துமூன்று குனியும், அது குனிந்தால் மேலே அடுக்கின ஐந்து வரிசையும் குனியும். அந்த இடத்தில் சருவத்தை வைத்துக்கொண்டு, ஐஸ் தண்ணி ஒழுகாத இடம் என்று ஒருத்தி. சொல்லித்தான் ஆக வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது. கயிற்றைப் பிடித்து மூன்று இழுத்தார், ஓங்கி.

மேலே வெயில் முகத்தில் அடித்தது. ஏணிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் ரப்பரைத் துப்பினார். சுவர்மேல் பெர்க்மான்ஸ் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான், கயிறு மடியில். அவனுக்குப் பின்னால் இசக்கிப்பிரியா, நோட்டோடு.

"எப்பருந்துலே தெரியும்" என்றார்.

பெர்க்மான்ஸ் மூக்கைத் தேய்த்தான். "நீரு மாட்டுன அன்னைக்கே தெரியும். குமிழி ஒரே எடத்துல நின்னுச்சு. நான் கயித்த இழுக்கேன், கல்லுல சிக்கி வரல. குதிக்கப் போனேன், அதுக்குள்ள நீரு வந்துட்டீரு."

"பாய் போட்டுப் படுத்தீரான்னு கேட்டியேடா."

"பின்ன, ஒம்மப் பாத்து அழவா செய்ய. அழுதா நீரு அடிப்பீரு."

"ஒரு வார்த்த கேட்டா என்ன."

"கேட்டா நீரு தண்ணியவே விட்டுருவீரு அத்தான். வீட்டுல ஒக்காந்து ஒம்ம மொகரையப் பாத்துக்கிட்டு எங்கக்கா என்ன பாடுபடுவா." கயிற்றை விரலில் சுற்றினான். "ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு ஆளு இருக்காது. கையில கெடைக்கிற சிமெண்டுல ஒண்ணு ரெண்டு மூட்ட கட்டி எறக்குவேன். ரெண்டு கட்டி எறக்குனா ஒண்ணு தூரப் போயி விழும். மண்ணப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு. முடிச்சுதான் கோணல்."

"ஒமக்கு எல்லாமே கோணல்தான்."

இசக்கிப்பிரியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ததேயுஸ் அவள் பக்கம் திரும்பினார். நீட்டி முழக்கிச் சொல்லத் தெரியாது. "எம்மா, எழுதிக்கோ. நாப்பத்துமூணாம் கல்லு, அடியில பள்ளம். ஒம்பது வருஷத்துப் பள்ளம். முன்ன தோள் ஆழம், இப்ப முழங்கை ஆழம். வாயில சிமெண்டு மூட்ட, இவன் போட்டது. அந்த மூட்டையத் தொட்டா சுவரு சாயும். மெஷின் அங்க வரக் கூடாது."

அவள் எழுதவில்லை. பேனா நோட்டுமேல் நின்றது. "அண்ணாச்சி, அப்ப அந்த ரிப்போர்ட் எல்லாம்."

"நாப்பது நெசம். பத்து பொய். ஒவ்வொரு வருஷமும். நான் அங்க போகல."

"ஏன்?"

"பயம்."

சொல்லியாயிற்று. ஒன்றும் இடியவில்லை. ஏலக்கூடத்துப் பக்கம் யாரோ ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது. அவள் கீழே குனிந்து தண்ணீரைப் பார்த்தாள், அந்தக் கலங்கலில் என்ன தெரியப்போகிறது, ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்கள வேலையிலருந்து எடுத்துருவாங்க அண்ணாச்சி. கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"மெஷின்காரங்களுக்கு இப்பவே போன் பண்ணணும். ஆனா வெறும் வாயால சொன்னா நிறுத்த மாட்டாங்க. எந்தக் கல்லு, எவ்வளவு ஆழம், எத்தனை மூட்டை, எல்லாம் அளவா வேணும். நாப்பத்தொண்ணுலருந்து அம்பது வரைக்கும்." நிறுத்தினாள். "வேற டைவர் வர ரெண்டு வாரம் ஆகும்."

"வேற டைவர் எதுக்கு. நாப்பத்தஞ்சு வரைக்கும் பாத்தாச்சு, சொல்லுதேன். அஞ்சு கெடக்கு." பெர்க்மான்ஸ் பக்கம் திரும்பினார். "காத்து இருக்கா பாரு."

பெர்க்மான்ஸ் குனிந்து முதுகுச் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தான். "இருக்கு. நீரு நாய் எளைக்கிற மாதிரி எளைக்காம இருந்தா அஞ்சு கல்லுக்கு இருக்கு."

"மொத்தமா பாத்துட்டு வாங்க அண்ணாச்சி, பிறகு எழுதிக்கிறேன்" என்றாள் அவள்.

"வேண்டாம். ஒவ்வொரு கல்லுக்கும் மேல வந்து சொல்லுதேன், மொத்தமாச் சொன்னா வாய் பழையபடி நல்ல நிலைன்னுரும். நீ இங்கயே நின்னு எழுது."

பெர்க்மான்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்தான். டீக்கடையில் டீ ஆற்றுகிற நேரம்கூடப் பொறுக்காத மனுஷன். கயிற்றைத் தளர்த்தினான்.

ததேயுஸ் ரப்பரைக் கடித்தார், இறங்கினார். சிப்பி, பாசி, சிமெண்டு. அடியில் கைவிட்டுப் பார்த்தார், இடுக்கில் விரல் விட்டுப் பார்த்தார். ஏறி வந்தார்.

"நாப்பத்தாறு. அடி கெட்டி. கீறல் இல்ல. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

இறங்கினார். இந்தத் தடவை நேரம் ஆயிற்று. குமிழி ஒரே இடத்தில் நின்று நின்று உடைந்தது. பெர்க்மான்ஸ் எழுந்து நின்றுவிட்டான். பிறகு தலை வெளியே வந்தது.

"நாப்பத்தேழு" என்றார், மூச்சு வாங்க. "அடியில ஒண்ணரைச் சாண் மண்ணு போயிருக்கு. புதுசு. ரெண்டு மூட்ட போட்டா நிக்கும், நானே எறங்கி வச்சுத் தாரேன். அத மொதல்ல எழுது."

அவள் எழுதினாள். அவர் காத்திருந்தார்.